எல்லோருக்கும் போன பதில்

அந்த மெயில் குழுவை உருவாக்கியதே நான்தான். பின்னால் நடந்த விசாரணையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளராக வேலை பார்த்தேன். வீடு விழுப்புரத்தில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகள் அவை. கல்லூரிக்கு முழுநேர இணைய இணைப்பு அப்போதுதான் வந்திருந்தது. அதற்கு முன்பு சுற்றறிக்கை என்றால் அட்டெண்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு துறை துறையாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். தாளாளர் ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "ஒரு மெயில் போட்டா மொத்த ஸ்டாஃபுக்கும் போற மாதிரி பண்ண முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம்.

ஒரு வாரத்தில் செய்து முடித்தேன். குழுவுக்கென்று ஒரு முகவரி. அந்த முகவரிக்கு யார் எழுதினாலும் அது உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகும். சோதித்துப் பார்ப்பதற்காக என் கல்லூரி முகவரியோடு சொந்த முகவரியையும் அதில் சேர்த்தேன். குழுவிலிருந்து யாராவது விலக நினைத்தால் நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்று தாளாளர் சொன்னார். அதையும் அப்படியே அமைத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் என் விருப்பப்படி வைத்தேன். குழுவில் வந்த மடலுக்கு ஒருவர் 'ரிப்ளை' கொடுத்தால் அது எழுதியவருக்கு மட்டும்தான் போக வேண்டும், குழுவுக்குப் போகக் கூடாது. மனிதர்கள் பதில் எழுதும்போது எதிரில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பு ஏமாறக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. வேலை முடிந்ததும் நிர்வாகக் கடவுச்சொல்லை ஒரு கவரில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அங்கே ஒரு சிநேகிதி இருந்தாள். வேதியியல் துறை. பெண்கள் விடுதிக்குத் துணை வார்டனும் அவள்தான் என்பதால் விடுதியிலேயே தங்கியிருந்தாள். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் விவசாயம் செய்யும் குடும்பம். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை கொண்டுவருவாள். மதிய இடைவேளையில் என் மேசையில் அதைக் கொட்டி இருவரும் உரித்துத் தின்போம். தோலை என் குப்பைக்கூடையில்தான் போடுவாள். எல்லோர் முன்னாலும் 'மேடம்', தனியாக இருந்தால் 'டி'.

ஒருநாள் அவள் தன் கணினியைக் காட்டி அலுத்துக்கொண்டாள். "ஆபீஸ் சர்குலரா வந்து கொட்டுதுடி. எங்கண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து போடற மெயில் எங்க கீதுன்னு தேட வேண்டியதா போச்சு. இத்த மட்டும் ஒரு பக்கமா ஒதுக்க முடியாதா?"

ஒதுக்கிக் கொடுத்தேன். குழு மடல்கள் தாமாகவே ஃபோல்டர் எனும் தனி உறைக்குள் போய் விழும்படி விதி எழுதினேன். அவளுக்கு ஆச்சரியம். "அது எப்படி கண்டுபுடிக்குது?"

மடலின் முழுத் தலைப்பையும் திறந்து காட்டினேன். நாம் படிப்பது ஒரு மடலின் வெளிப்பக்கம்தான். அதற்கு மேலே கண்ணுக்குக் காட்டப்படாத சில வரிகள் இருக்கும். குழுவிலிருந்து வரும் மடல் என்றால், இது இன்ன குழுவுடையது என்று ஒரு வரி. இது மொத்தமாக அனுப்பப்பட்டது, தானாகப் பதில் அனுப்பித் தொல்லை செய்யாதே என்று ஒரு வரி. குழுவிலிருந்து விலக எங்கே எழுத வேண்டும் என்று ஒரு வரி. மெயில் நிரல் நல்லதாக இருந்தால் இவற்றைப் படித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும். பழைய நிரல்களுக்கு இதெல்லாம் தெரியாது, அவை பெறுநர் முகவரியையும் பொருள் வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் குழுவின் பெயரையும் வைத்து ஊகிக்கும். "அப்புறம் இன்னொரு வரி உண்டு. பதில் எங்க போகணும்னு சொல்றது. அது இருந்தா ரிப்ளை அங்கதான் போகும். நம்ம குழுவுல அத நான் வெக்கல" என்றேன்.

"எதுக்குடி எனக்கு இதெல்லாம்" என்று மல்லாட்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு மழைக்காலம் முடிந்த கையோடு பெண்கள் விடுதியில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் இரண்டு பேர், பிறகு ஒரே அறையில் நான்கு பேர், பிறகு கணக்குச் சொல்ல முடியவில்லை. பலரைப் பெற்றோர் வந்து அழைத்துப் போனார்கள். ஒரு நாள் பகலுணவு நேரத்தில் சிநேகிதி என்னைத் தேடிவந்து, "எங்கூட வா" என்றாள். விடுதியின் பின்புறம் கூட்டிப்போனாள். சமையலறைக்கு ஒட்டி, தரைக்குக் கீழே குடிநீர்த் தொட்டி. சில அடி தள்ளிக் கழிவறைக் கட்டிடத்தின் மலக்குழி. இரண்டுக்கும் நடுவே மண் எப்போதும் ஈரமாகவே இருந்தது. தொட்டியின் மூடியை இழுத்துத் திறந்தாள். உள்சுவரில் ஒரு விரிசல். அதிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"ஏ.ஓ. கிட்ட ரெண்டு தபா சொல்லிட்டேன்" என்றாள். ஏ.ஓ. என்பது நிர்வாக அலுவலர், தாளாளரின் மைத்துனர். "செமஸ்டர் லீவுல பாத்துக்கலாம்னு சொல்றாரு."

"எழுத்துல குடு."

"குடுத்தா நாளைக்கே என்ன வெளிய அனுப்பிடுவாங்க. எங்கப்பா என் ரெண்டு தங்கச்சிய கட்டிக்குடுக்காம வச்சிக்கினு இருக்காரு. நீ வேற."

அந்த வாரக் கடைசியில் என் வகுப்பு மாணவி ஒருத்தி இறந்துபோனாள். மூன்றாம் ஆண்டு. மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். கடைசி வரிசையில் உட்கார்ந்து யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்பவள். காமாலை முற்றி நினைவு தப்பிய பிறகுதான் அவளைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கல்லூரி வேனில் ஏற்றியது சிநேகிதிதான். அங்கே டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள் என்று அவளே அழுதுகொண்டு சொன்னாள். தாமதம் எங்கள் கல்லூரியுடையது.

பத்து நாள் கழித்து அந்த மாணவியின் அப்பா அவள் பெட்டியை எடுத்துப்போக வந்தார். கட்டுமஸ்தான ஆள், வெள்ளைச் சட்டை, கையில் ஒன்றும் இல்லை. விடுதி வாசலில் அவரைத் தனியாக நிற்க வைத்திருந்தார்கள். நான் போய் நின்றேன்.

"நீங்க தான் கம்ப்யூட்டர் மேடமா? உங்களப் பத்தி சொல்லிக்கினே இருக்கும்" என்றார். "ஆபீஸ்ல சொல்றாங்க, வெளிய பானிபூரி துன்னதாலதான் வந்துச்சாம். ரோட்டுக் கடையில கண்டதயும் துன்னுச்சாம். எம் பொண்ணு அப்டி இல்ல மேடம். எங்க குப்பத்துல இப்ப அதத்தான் பேசிக்கினு கீறாங்க. படிக்க அனுப்பிச்சா ஊர் சுத்தி துன்னு செத்துச்சின்னு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது அப்டி இல்லன்னு ஒரு வார்த்த யாராச்சும் சொன்னா போதும்."

பக்கத்தில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். "சொல்றோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்து போனார்.

மறுநாள் காலை குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. அனுப்பியவர் பெயர்: என் சிநேகிதி. விடுதி மாணவிகள் அனுமதியின்றி வெளியே சென்று சுகாதாரமற்ற உணவை உண்டதால் நோய் பரவியது, விடுதிக் குடிநீர் பரிசோதிக்கப்பட்டுப் பாதுகாப்பானது என உறுதி செய்யப்பட்டுள்ளது, ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கீழே துணை வார்டன் என்று அவள் பதவி.

ஆய்வகத்தில் மாணவர்கள் வருவதற்குள் அதைப் படித்தேன். ரிப்ளையை அழுத்தினேன். ஆங்கில எழுத்தில் தமிழாக, நாங்கள் எப்போதும் எழுதிக்கொள்வது போல எழுதினேன். "இத நீயா எழுதியிருக்க மாட்டேன்னு தெரியும். யாரோ எழுதி உன் பேரப் போட்டிருக்காங்க. ஆனா தொட்டிய எனக்குத் தொறந்து காட்டினதே நீதான். சாக்கடை உள்ள வழியறத ரெண்டு பேரும் பாத்தோம். ஏ.ஓ.கிட்ட ரெண்டு தடவ சொல்லியும் அவர் கேக்கலன்னு நீயே சொன்ன. மத்தவங்களுக்கு என்ன வேணா சொல்லட்டும். அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நாம ரெண்டு பேரும் போய் உண்மையச் சொல்லணும். இந்த ஞாயித்துக்கிழம போலாம்." அனுப்பிவிட்டேன்.

மேலே பெறுநர் கட்டத்தில் அவள் முகவரிக்குப் பதில் குழுவின் முகவரி இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. என் கையால் அமைத்த குழு அது, பதில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை.

ஒரு நிமிடத்தில் முதல் பதில் வந்தது. இயற்பியல் பேராசிரியர் ஒருவரிடமிருந்து. "நான் என் மகள் திருமணத்தை முன்னிட்டு விடுப்பில் இருக்கிறேன். திங்கட்கிழமை உங்கள் மடலுக்குப் பதிலளிக்கிறேன்." முதலில் புரியவில்லை. இவர் ஏன் எனக்கு எழுதுகிறார்? அவருடைய பழைய மெயில் நிரல், குழு மடலை அடையாளம் காணத் தெரியாமல் தானாக அனுப்பிய பதில் அது. அது குழுவுக்கே வந்திருந்தது. அப்படியென்றால் என் மடலும் குழுவுக்குப் போயிருக்கிறது.

அடுத்து இயந்திரவியலிலிருந்து ஒருவர், "தயவுசெய்து என்னை இந்தக் குழுவிலிருந்து நீக்கவும்" என்று எல்லோருக்கும் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர், "என்னையும்." மூன்றாவதாக ஒருவர், இப்படி எல்லோருக்கும் பதில் எழுதாதீர்கள் என்று எல்லோருக்கும் பதில் எழுதினார். தண்ணீரைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. தேநீர் நேரத்தில் இரண்டு பேர் என்னைக் கடந்து போகும்போது மெதுவாக, "கரெக்டா எழுதினீங்க மேடம்" என்றார்கள். நிற்காமல் போனார்கள்.

நான் செய்த முதல் காரியம் சுற்றறிக்கையின் மறைந்த வரிகளைத் திறந்து பார்த்தது. பதில் எங்கே போக வேண்டும் என்ற வரி அதில் இருந்தது. குழுவின் முகவரியோடு. போன வாரச் சுற்றறிக்கையைத் திறந்தேன். அதில் அந்த வரி இல்லை. நடுவில் யாரோ உள்ளே போய் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். காமாலை விஷயம் வெளியே கசியாமலிருக்க, ஆசிரியர்கள் தங்களுக்குள் என்ன எழுதிக்கொள்கிறார்கள் என்று அலுவலகமும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மடல்களையும் அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அவை என்னைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

மூன்று நாள் கழித்து விசாரணை. முதல்வர், ஏ.ஓ., கல்லூரியின் வக்கீல். "குழுவை உருவாக்கினது நீங்கதானே?" என்று ஆரம்பித்தார் வக்கீல். ஆமாம் என்றேன். அப்படியானால் அது எல்லோருக்கும் போகும் என்று தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறீர்கள் என்றார். நான் தாள்களை விரித்து வைத்தேன். இந்த வரி இதில் இருக்கிறது, அதில் இல்லை, மெயில் நிரல் இந்த வரிக்குத்தான் கட்டுப்படும், மாற்றியது நான் இல்லை. வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன்.

வக்கீல் தாள்களைத் தொடக்கூட இல்லை. "அதுல இருக்கற வாசகம் உங்களோடதுதானே?"

"ஆமா."

"அப்ப எந்த வழியா போனா என்னம்மா?"

"அது உண்மையான்னு கேளுங்க சார். தொட்டிய ஒரு தடவ போய்ப் பாருங்க. இங்கேர்ந்து அஞ்சு நிமிஷ நடை."

ஏ.ஓ. மணியை அடித்தார். சிநேகிதி உள்ளே வந்தாள். நீலப் புடவை, முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளிடம் முதல்வர் ஒரே கேள்விதான் கேட்டார். விடுதித் தொட்டியை நீங்கள் இவருக்குத் திறந்து காட்டினீர்களா?

"இல்ல சார்" என்றாள். "நான் எந்தத் தொட்டியையும் காட்டல. மேடம் எதுக்கு அப்டி எழுதினாங்கன்னு எனக்குத் தெரியல."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வக்கீலின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்றதும் போய்விட்டாள்.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் குழுவில் அனுப்பினால் வேலையில் இருக்கலாம் என்றார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை எனக்கு அழுகைகூட வரவில்லை. தொட்டி அந்த வாரமே இடித்துக் கட்டப்பட்டது என்று கேள்விப்பட்டேன். இரவோடு இரவாக, சத்தமில்லாமல். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தப்பு என்று தெரிந்துதான் எல்லாம் செய்தார்கள் என்பதற்கு அத்தாட்சியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தனியாக மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன். உப்பளங்களைத் தாண்டி இறங்கி விசாரித்துக் குப்பத்துக்குள் போனேன். அந்த அப்பா ஃபைபர் படகின் இஞ்சினைக் கழற்றிப் போட்டு மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையை லுங்கியில் துடைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டி, விரிசல், ஏ.ஓ., என் மடல், என் வேலை. அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து வந்து கதவருகே நின்றாள்.

முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சொல்றத நான் நம்பறேன் மேடம். ஆனா நான் போயி இங்க இன்னான்னு சொல்வேன்? காலேஜ்ல வேலய வுட்டுத் தூக்கின மேடம் சொன்னாங்கன்னா? கோவத்துல சொல்லுதுன்னுவானுங்க. அன்னிக்கே, நீங்க உள்ள இருக்கசொல்லவே, ஹாஸ்டல் மேடத்தயும் கூட்டினு வந்து சொல்லியிருந்தீங்கன்னா…" முடிக்காமல் மறுபடி உட்கார்ந்து இஞ்சினைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு விழுப்புரத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். தட்டச்சும் கணக்கு மென்பொருளும் கற்றுக்கொடுக்கும் இடம். வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத் தேர்வில் நன்றாகப் பேசுவார்கள், பழைய கல்லூரிக்கு ஒரு போன் போட்ட பிறகு பேச மாட்டார்கள்.

இதில் ஒரு கோமாளித்தனம் நடந்தது. கல்லூரியில் என் அலுவலக முகவரியை அழித்தார்கள், ஆனால் சோதனைக்காக நான் சேர்த்திருந்த சொந்த முகவரியை மறந்துவிட்டார்கள். குழு மடல்கள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. என் பெட்டியிலும் நான் எழுதி வைத்திருந்த விதிப்படி அவை தனி உறைக்குள் போய் விழுந்தன. உறையின் பெயருக்குப் பக்கத்தில் படிக்காத மடல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். விலக வேண்டுமானால் நிர்வாகி அனுமதிக்க வேண்டும், அந்த விதியும் நான் அமைத்ததுதான். அனுமதி கேட்டால் இத்தனை நாள் உள்ளே இருந்தது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை உறையைத் திறந்து எல்லாவற்றையும் படிப்பேன். ஆண்டு விழா, ஆயுத பூஜை, தேர்ச்சி விழுக்காடு. சிநேகிதி வார்டன் ஆனாள், துறைத் தலைவர் ஆனாள், துணை முதல்வர் ஆனாள். ஒவ்வொன்றுக்கும் வாழ்த்துச் சொல்லி எல்லோரும் எல்லோருக்கும் பதில் எழுதினார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேச மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போயின. மெயில் பார்ப்பது கைபேசிக்கு வந்துவிட்டது. ஒரு நாள் பயிற்சி மையத்தில் வகுப்புக்கு நடுவே சுற்றறிக்கை ஒன்று வந்தது. மாணவியர் நலனில் என்றும் அக்கறை கொண்ட நம் நிர்வாகம் விடுதியில் புதிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்திருக்கிறது. இணைத்திருந்த படத்தில் ஏ.ஓ. ரிப்பன் வெட்டுகிறார். பக்கத்தில் கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு என் சிநேகிதி.

புதிய மெயில் நிரல்கள் அந்த மறைந்த வரிகளைத் தாங்களே படித்துவிடுகின்றன. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே, குழுவிலிருந்து விலகுக என்று பொத்தானாகக் காட்டுகின்றன. அதை அழுத்தினேன். உங்கள் கோரிக்கை நிர்வாகியின் அனுமதிக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"நான்தான்" என்றது குரல். சிநேகிதி என்று தெரிந்துவிட்டது. "லிஸ்டுக்கு இப்ப நான்தான் அட்மின். ரெக்வெஸ்ட் வந்துது. இத்தினி வருஷமா நீ உள்ளயா இருந்த?"

"ஆமா."

"எல்லாத்தயும் படிச்சிக்கினா இருந்த?"

"சிலத."

"எம்மேல கோவம் போவலன்னு தெரியும். ஆனா ஒண்ணு கேக்கறேன். ஏண்டி எல்லாருக்கும் அனுப்பின? எனக்கு மட்டும் எழுதியிருக்கலாம் இல்ல? என்னக் கேக்காம எம் பேரப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு, நான் வந்து ஆமான்னு சொல்லணும்னு எதிர்பார்த்தியே."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இத்தனை ஆண்டுகளும் நான் வேண்டுமென்றே அவளை மாட்டிவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள்.

"உனக்கு மட்டும்தான் எழுதினேன்" என்றேன். "செட்டிங்க ஆபீஸ்ல மாத்திட்டாங்க. ரிப்ளை பண்ணா குழுவுக்குப் போற மாதிரி. எனக்குத் தெரியாது."

"நீ கம்ப்யூட்டர் ஆளு. உனக்குத் தெரியாதுன்னா யாரு நம்புவா? செட்டிங் மாத்தறாங்கன்னு ஏ.ஓ. என்கிட்டயே முன்னாடி நாள் சொன்னாரு. உனக்குத் தெரியாம இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல."

"உனக்குத் தெரியும்?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சுற்றறிக்கை அவள் பெயரில் போகிறது, அதற்கு நான் பதில் எழுதாமல் இருக்க மாட்டேன் என்பதும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் துரோகம் செய்ததாக நினைத்துக்கொண்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

"சரி, போவட்டும்" என்றேன். "அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட ஒரு தடவ போலாம் வா. இப்ப நீ வைஸ் பிரின்சிபால். நீ சொன்னா அந்த ஊரு நம்பும். பானிபூரி இல்ல, தண்ணிதான்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? அவங்களே மறந்திருப்பாங்க. நீயும் வுட்ரு. உன் பேர எடுத்துட்டேன், இனிமே மெயில் வராது." வைத்துவிட்டாள். அதன்பிறகு நாங்கள் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். குப்பத்தில் நிறைய மாறியிருந்தது. ஓட்டு வீடுகள் இருந்த இடத்தில் சுனாமிக்குப் பின் கட்டிய ஒரே மாதிரி வீடுகள். எது அவர் வீடு என்று தெரியவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவர் பெயர் எனக்கு அப்போதும் தெரியாது. மகள் பெயரையும் அடையாளத்தையும் சொன்னேன்: இன்ன மாதிரி இஞ்சின் வேலை தெரிந்தவர், திண்டிவனம் பக்கம் பெண்ணைப் படிக்க வைத்தவர்.

"ஓ, அந்த வூடா" என்றாள். "பொண்ணு காலேஜுக்குப் போயி வெளிய கண்டதயும் துன்னு காமால வந்து செத்துச்சே, அவங்கதானே? அவரு கடலுக்குப் போறத வுட்டுட்டு புதுச்சேரி பக்கம் போயி நாலு வருஷம் ஆவுது. எங்க கீறாங்கன்னு தெரியாது."

"அவ வெளிய எதுவும் சாப்பிடல" என்றேன். "காலேஜ் தண்ணி கெட்டுப்போயிருந்தது. அதனாலதான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"அங்க வேல பாத்தேன்."

"அப்டியா? காலேஜ்லயே சொன்னாங்களே, துன்னதாலதான்னு" என்றாள். குடம் நிரம்பியிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.